ஆறு வயதுப் பிறந்தநாள்: வீட்டிலேயே வைக்கலாமா, ஹால் எடுக்கணுமா?

ஆகஸ்ட் 2, 2025, சனி, இரவு 9.40 | கேள்வி

மகளுக்கு 24ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை 6 வயது முடிகிறது. மடிப்பாக்கத்தில் இரண்டு பெட்ரூம் ஃபிளாட், மூன்றாவது மாடி. வகுப்புப் பிள்ளைகள், அபார்ட்மெண்ட் பிள்ளைகள் என்று எழுதிப் பார்த்தால் 20 பேர் வருகிறது. பார்ட்டி ஹாலில் கேட்டால் சாப்பாடு, அலங்காரம், எம்சி எல்லாம் சேர்த்து என் சம்பளத்தில் பாதியைச் சொல்கிறார்கள். வீட்டில் வைத்தால் சமாளிக்க முடியாது என்கிறார் என் கணவர். யாராவது வீட்டில் வைத்திருக்கிறீர்களா?

ஆகஸ்ட் 2, இரவு 10.20

தாராளமாக வைக்கலாம். நாங்கள் நங்கநல்லூரில் உங்கள் வீட்டைவிடச் சின்ன வீட்டில்தான் இரண்டு பிள்ளைகளுக்கும் வைக்கிறோம், நாத்தனார் பையனுக்கும் அங்கேதான். முதலில் இரண்டே விஷயத்தை முடிவு செய்யுங்கள்: எத்தனை பிள்ளைகள், எத்தனை மணி நேரம். மீதி எல்லாம் தானாக அதற்குள் அடங்கும். 6 வயதுக்கு 12 பிள்ளைகள், 2 மணி நேரம் என்பது என் கணக்கு. 20 பேர் என்றால் எதிர் வீட்டுக் கதவும் திறந்திருக்க வேண்டும், பெரியவர்கள் குறைந்தது 4 பேர் பிள்ளைகளோடு மட்டும் இருக்க வேண்டும். அடுப்படியில் நிற்பவரையும் போட்டோ எடுப்பவரையும் அந்த 4 பேரில் சேர்க்காதீர்கள்.

அப்புறம், அலங்காரத்துக்கு என்ன வாங்கலாம் என்று யோசிப்பதற்கு முன் ஹாலிலிருந்து எதையெல்லாம் எடுக்கலாம் என்று பாருங்கள். டீப்பாய், கண்ணாடி வைத்த ஷோகேஸ் பொருள்கள், நாற்காலிகள், எல்லாம் பெட்ரூமுக்குள். சோபாவைச் சுவரோரமாகத் தள்ளிவிடுங்கள். வெறும் தரை கிடைத்தால் பிள்ளைகளுக்கு வேறு எதுவும் வேண்டாம்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு, காலை 7.30

நேரத்தைப் பற்றி நேற்றுத் தூக்கக் கலக்கத்தில் சுருக்கமாகச் சொல்லிவிட்டேன். எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம், அதனால் விவரமாக.

மாலை 4.30 முதல் 6.30 வரை. அழைப்பில் முடியும் நேரத்தையும் கட்டாயம் போடுங்கள். நம் ஊரில் ஆரம்பிக்கும் நேரம் மட்டும்தான் போடுவோம், "மாலை 6 மணிக்கு" என்று. வருகிறவர்கள் ஏழே காலுக்கு வருவார்கள், கேக் வெட்ட எட்டரை ஆகும். நான் போன விழாக்களில் பிள்ளைகள் அழுததெல்லாம் அந்தக் காத்திருப்பில்தான். அப்பாவின் ஆபீஸ் நண்பர் வந்துகொண்டே இருக்கிறார், பெரியப்பா வண்டி நிறுத்த இடம் தேடுகிறார், போட்டோக்காரர் லைட்டை இந்தப் பக்கம் நகர்த்து, அந்தப் பக்கம் நகர்த்து என்கிறார். பிறந்தநாள் குழந்தை மேஜைக்குப் பின்னால் நின்றபடியே நிற்கும். புது கவுனுக்குள் இருக்கும் நெட் துணி கழுத்தில் உரசி உரசிச் சிவப்பாகக் கோடு விழுந்திருக்கும், கையை வைத்துச் சொறிந்தால் "போட்டோ எடுக்கும்போது சொறியாதே" என்று அதட்டு வேறு. யாருடைய பிறந்தநாள் இது?

அதனால் பெரியவர்களை இந்த 2 மணி நேரத்தில் கலக்கவே வேண்டாம். தாத்தா பாட்டி இருக்கட்டும். மற்ற சொந்தக்காரர்களை அன்று மத்தியானம் சாப்பாட்டுக்குக் கூப்பிடுங்கள், அல்லது வேறு நாள். கொஞ்சம் வருத்தப்படுவார்கள். பரவாயில்லை.

வந்தவுடன் உட்கார்ந்து செய்கிற வேலை ஒன்று கொடுங்கள், தாமதமாக வருகிற பிள்ளையும் நடுவில் சேர்ந்துகொள்ளலாம். பிறகு விளையாட்டு, ஐந்தரைக்குக் கேக், உடனே சாப்பாடு. சாப்பிட்டு முடிக்கும்போது பெற்றோர் வந்துவிடுவார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு ஓடி ஆடுகிற விளையாட்டு எதுவும் வைக்காதீர்கள், வாந்தி எடுக்கும்.

ஆகஸ்ட் 3, மதியம் 2.10

நட்சத்திரப் பிறந்தநாள் வேறு தேதியில் வருகிறதே, மாமியார் அன்றுதான் கொண்டாட வேண்டும் என்கிறார் என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டையும் வையுங்கள். நட்சத்திரத்தன்று கோயிலில் அர்ச்சனை, வீட்டில் பாயசம், பெரியவர்கள் காலில் விழுந்து ஆசீர்வாதம், அதை மாமியார் கையில் முழுதாகக் கொடுத்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுடையது. இப்படிப் பிரித்த பிறகு எங்கள் வீட்டில் அந்தப் பேச்சே வருவதில்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய், இரவு 11.05

பலூன். இதை விட்டுவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை.

கேஸ் பலூன் வேண்டாம். தெருவில் விற்பவர்கள் ஹீலியம் விலை கட்டுப்படியாகாமல் பெரும்பாலும் ஹைட்ரஜனைத்தான் அடைக்கிறார்கள். ஹைட்ரஜன் தீப்பொறி பட்டால் குப்பென்று பிடித்துக்கொள்ளும். 2020 செப்டம்பரில் அம்பத்தூர் பக்கம் பாடியில் ஒரு விழாவில் பட்டாசுப் பொறி பட்டு, கையில் பிடித்திருந்த கேஸ் பலூன் கொத்து அப்படியே நெருப்புப் பந்தாக ஆனதை நிறையப் பேர் வீடியோவில் பார்த்திருப்பீர்கள். நாம் மெழுகுவர்த்தி ஏற்றப் போகிறோம். அதற்கு மேல் என்ன சொல்ல.

சாதாரண ரப்பர் பலூன் போதும், பம்பு வைத்து ஊதுங்கள். ஊதாத பலூனையும் வெடித்த துண்டையும் உடனுக்குடன் பொறுக்கிவிட வேண்டும். ரப்பர் துண்டு தொண்டைக்குள் போனால் மூச்சுக்குழாயின் வாயில் அப்படியே படிந்துகொள்ளும், இருமினாலும் வராது. அமெரிக்காவில் பலூன் பாக்கெட்டிலேயே 8 வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளுக்கு ஆபத்து என்று அச்சடிக்க வேண்டும் என்று சட்டம். வருகிற பிள்ளைகளின் தம்பி தங்கைகள் இரண்டு வயது, மூன்று வயதில் கூடவே வரும், கையில் கிடைத்ததை வாயில் வைக்கும். வெடித்த துண்டு பொறுக்குவது ஒருவரின் பொறுப்பு என்று பெயர் சொல்லி ஒப்படையுங்கள்.

பலூனையும் காகிதத் தோரணத்தையும் சீலிங் ஃபேனுக்கு எட்டாமல் கட்டுங்கள். ஆகஸ்ட் மாதத்துப் புழுக்கத்தில் ஃபேன் போடாமல் இருக்க முடியாது.

இன்னொன்று, பலூன் மாட்டுகிற பிளாஸ்டிக் குச்சியும் அலங்காரத் தெர்மோகோலும் 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்கத் தடை. கடையில் இன்னும் தருகிறார்கள், வாங்காதீர்கள். பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டும் கப்பும் நம் மாநிலத்தில் 2019 ஜனவரியிலிருந்தே தடை. பாக்குமட்டைத் தட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தண்ணீருக்கு வீட்டு எவர்சில்வர் டம்ளர், கீழே போட்டாலும் உடையாது.

ஆகஸ்ட் 6, காலை 8.00

ஸ்னோ ஸ்ப்ரே வாங்கவே வாங்காதீர்கள். அந்த டப்பாவுக்குள் நுரையைத் தள்ளுவது பெரும்பாலும் எரியக்கூடிய வாயு, மெழுகுவர்த்திக்கு நேராக அடித்தால் முகத்தில் தீ பிடிக்கும். யாராவது மாமா பாசமாக வாங்கி வந்தால் வாசலிலேயே வாங்கி அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிடுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன்.

ஆகஸ்ட் 6, இரவு 9.15

மெழுகுவர்த்தியை ஊதுவது நம் வழக்கமில்லை, விளக்கு ஏற்றுவதுதான் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். எனக்கும் விளக்கு ஏற்றுவது பிடிக்கும், காலையில் குத்துவிளக்கு ஏற்றுவோம். ஆனால் ஆறு வயதுக் குழந்தைக்கு ஊதுவதுதான் பெரிய சந்தோஷம், அதை ஏன் பிடுங்க வேண்டும்? எச்சில்தான் எனக்குக் கவலை. 2017ல் அமெரிக்காவின் கிளெம்சன் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்திருக்கிறார்கள். ஊதிய பிறகு கிரீமின் மேல் பாக்டீரியா சராசரியாக 14 மடங்கு. வாயில் இருக்கும் கிருமிகளில் பெரும்பாலானவை ஒன்றும் செய்யாதவைதான், பயந்து ஓட வேண்டியதில்லை. ஒரு சின்ன கப் கேக்கில் மெழுகுவர்த்தி குத்தி அதை ஊதச் சொல்லுங்கள், அது அவளுக்கு. பெரிய கேக்கை அவளே வெட்டட்டும். சளி பிடித்த பிள்ளையின் வீட்டில் இது ரொம்ப உதவும்.

ஆகஸ்ட் 9, சனி, மாலை 5.30

சாப்பாடு. நான் செய்வதைச் சொல்கிறேன்.

1 கிலோ கேக்கை 10 அல்லது 12 துண்டு போடலாம். பிள்ளைகள் கிரீமை நக்கிவிட்டு மீதியை வைத்துவிடுவார்கள், அதனால் சின்னத் துண்டாகப் போடுங்கள். 15 பிள்ளைகளுக்கும் கொஞ்சம் பெரியவர்களுக்கும் ஒன்றரைக் கிலோ தாராளம். முட்டை சாப்பிடாத வீட்டுப் பிள்ளை ஒன்றாவது இருக்கும், முட்டை இல்லாததாகவே வாங்கிவிட்டால் யாரையும் தனியாக உட்கார வைக்க வேண்டாம். கேக்கை நீங்களே போய் வாங்கி வாருங்கள். ஒரு தடவை கடையிலிருந்து கொண்டுவந்து தருகிறோம் என்றார்கள், வெயிலில் வண்டியில் வந்து சேர்ந்தபோது கிரீம் ஒரு பக்கமாக வழிந்து எழுதிய பெயர் அட்டைப்பெட்டியில் ஒட்டியிருந்தது, மகன் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு ஒன்றுமே பேசவில்லை. வெட்டும் வரை ஃபிரிட்ஜில் இருக்கட்டும். அந்தப் பெட்டி போகிற அளவுக்கு ஒரு தட்டை முன்னாடியே கழற்றி இடம் செய்யுங்கள்.

கேக்கோடு மினி இட்லி. நெய்யும் பொடியும் போட்டுப் பிரட்டி வைத்தால் சாம்பார்கூட வேண்டாம், கையில் எடுத்து வாயில் போட்டுக்கொள்வார்கள், தரையிலும் ஒழுகாது. எலுமிச்சை சாதம், உருளைக்கிழங்கு பொரியல், மாதுளை முத்து. அவ்வளவுதான். பூரி பிள்ளைகளுக்குப் பிடிக்கும், ஆனால் சுடச்சுடப் போட ஒருவர் எண்ணெய்ச் சட்டி முன்னால் நிற்க வேண்டும், பிள்ளைகள் தண்ணீர் கேட்டு அடுப்படிக்கு ஓடி வருவார்கள். வேண்டாம். அடுப்பு வேலையெல்லாம் 4 மணிக்குள் முடித்து, சிலிண்டர் வால்வை மூடி, அடுப்படி வாசலில் ஒரு நாற்காலியைக் குறுக்கே போட்டுவிடுங்கள்.

சமைத்ததை 2 மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்கிற விதி. சூடாக வைப்பதாக இருந்தால் 60 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும், ஹாட்பாக்ஸில் ஆவி பறக்கப் போட்டு மூடுங்கள். காலையிலேயே செய்து மேஜையில் மூடி வைத்து மாலையில் கொடுப்பது கூடாது.

எலுமிச்சை சாதத்தில் வேர்க்கடலை போடாதீர்கள். ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு அது ஆபத்து, 4 வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்குத் தொண்டையில் அடைக்கும். முழுத் திராட்சையும் பாப்கார்னும் அதே கதை. திராட்சை வேண்டுமென்றால் நீளவாக்கில் நறுக்குங்கள். அழைக்கும்போதே "பிள்ளைக்கு எதுவாவது ஒத்துக்காதா?" என்று ஒவ்வொரு அம்மாவிடமும் கேளுங்கள். குரூப்பில் பொதுவாகப் போட்டால் யாரும் பதில் போட மாட்டார்கள், தனித்தனியாகக் கேட்க வேண்டும்.

ஆகஸ்ட் 9, இரவு 10.40

பஞ்சுமிட்டாய் மெஷினும் ஸ்மோக் பிஸ்கட்டும் வாடகைக்குக் கிடைக்கிறதே என்று கேட்டவருக்கு: துணிக்குப் போடுகிற ரோடமின்-பி சாயம் கலந்திருந்ததைக் கண்டுபிடித்து 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சுமிட்டாய்க்குத் தடையே போட்டார்கள். ஸ்மோக் பிஸ்கட்டில் ஊற்றுவது திரவ நைட்ரஜன், மைனஸ் 196 டிகிரி. அதே ஆண்டு ஏப்ரலில் கர்நாடகாவின் தாவணகெரேயில் ஒரு சிறுவன் அதைச் சாப்பிட்டுத் துடித்த வீடியோ வந்த பிறகு நம் உணவுப் பாதுகாப்புத் துறையும் எச்சரித்தது. இரண்டுமே வேண்டாம்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு, காலை 9.50

இனிப்பு கொடுத்தால் பிள்ளைகள் தலைகால் தெரியாமல் ஆடுவார்கள், கேக்கைக் கடைசியில் கொடுங்கள் என்கிறார்கள் இங்கே இரண்டு மூன்று பேர். நானும் அப்படித்தான் ரொம்ப நாள் நம்பியிருந்தேன். 1995ல் அதுவரை நடந்த ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்து, சர்க்கரைக்கும் பிள்ளைகளின் ஆட்டத்துக்கும் தொடர்பில்லை என்று மருத்துவர்கள் எழுதிவிட்டார்கள். அதற்கு முந்தைய ஆண்டு வேறொரு ஆய்வு. அம்மாக்களிடம் "உங்கள் பையனுக்கு இப்போது நிறையச் சர்க்கரை கொடுத்திருக்கிறோம்" என்று சொல்லிவிட்டுக் கொடுக்காமலே இருந்தார்கள், அந்த அம்மாக்கள் பையன் ரொம்பத் துள்ளுகிறான் என்று சொன்னார்கள். பன்னிரண்டு பிள்ளைகள் ஒரு ஹாலில் சேர்ந்தால் கேக் இல்லாமலே துள்ளத்தான் செய்யும். பல்லுக்காகக் குறைத்துக் கொடுங்கள், அது சரி.

ஆகஸ்ட் 12, செவ்வாய், இரவு 9.30

வந்தவுடன் உட்கார்ந்து செய்யும் வேலை என்று சொன்னேன் இல்லையா, உங்கள் தேதிக்கு ஒரு நல்ல யோசனை இருக்கிறது. 27ஆம் தேதி விநாயகர் சதுர்த்தி. அதற்கு முந்தைய வாரம் தெருமுனையில் பிள்ளையார் விற்கிறவர்களிடம் வெறும் களிமண்ணும் கிடைக்கும், முன்னாடியே சொல்லி வைத்தால் பிசைந்த மண்ணாகவே தருவார்கள். தரையில் பழைய பெட்ஷீட், அதன் மேல் செய்தித்தாள், பிள்ளைக்கு ஒரு பாக்குமட்டைத் தட்டு, ஆளுக்கு ஒரு உருண்டை மண், நடுவில் இரண்டு கிண்ணத்தில் தண்ணீர். எப்படிச் செய்வது என்று வகுப்பெடுக்காதீர்கள், உட்கார வைத்துவிட்டுப் பாருங்கள்.

போன வருஷம் நாத்தனார் பையன் பிறந்தநாளில் இதைச் செய்தோம். ஒரு பெண் தும்பிக்கையை மட்டும் திரும்பத் திரும்பச் செய்தாள். உருட்டுவாள், ஒட்டுவாள், அது விழும். நாலாவதாக விரல் நுனியில் தண்ணீரைத் தொட்டு ஒட்டும் இடத்தில் குழைத்து, கட்டை விரலால் அமுக்கி, கையை எடுக்காமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நின்றது. அந்த வீட்டில் அவ்வளவு நேரம் யாரும் யாரையும் அதட்டவில்லை. பிள்ளையார்தான் செய்ய வேண்டும் என்று இல்லை, ஒரு பையன் ஜேசிபி செய்தான், வேற்று மதத்துப் பிள்ளைகளும் வருவார்கள், அவரவர் விருப்பம்.

ஆகஸ்ட் 13, இரவு 10.00

விளையாட்டுக்கு எம்சி வேண்டாம். குலை குலையா முந்திரிக்கா போதும், ஒரு கர்ச்சீப் இருந்தால் விளையாடலாம், வட்டமாக உட்கார்ந்தே இருப்பதால் சின்ன ஹாலுக்குச் சரியாக வரும். இந்தத் தலைமுறைக்குத் தெரியாது என்று நினைத்துப் பாட்டியை நடுவில் உட்கார வைத்தோம், "நரியே நரியே சுத்தி வா" என்று இரண்டாவது சுற்றிலேயே பிள்ளைகள் வீடு அதிரக் கத்தினார்கள். கலர் கலர், ஸ்டாச்சூ இரண்டும் ஆகும். பூப்பறிக்க வருகிறோம் விளையாட இடம் போதாது, கீழே பார்க்கிங்கில் வண்டி இல்லாவிட்டால் பாருங்கள்.

மியூசிக்கல் சேரில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. முதலில் அவுட்டாகிற குழந்தைதான் அங்கே ரொம்பக் கூச்சப்படுகிற குழந்தையாக இருக்கும், அது மீதி நேரம் முழுக்க ஓரமாக உட்கார்ந்திருக்கும். நாற்காலியை எடுங்கள், பிள்ளையை எடுக்காதீர்கள். நாற்காலி குறையக் குறைய எல்லோரும் இருப்பதில் நெருக்கியடித்து உட்கார வேண்டும் என்று விதியை மாற்றிப் பாருங்கள். நான்கு தலையணையில் பன்னிரண்டு பேர் ஒருவர் மடியில் ஒருவர் உட்கார்ந்து சிரிப்பார்கள். நாற்காலியைவிடத் தலையணை நல்லது, கவிழாது.

ஆகஸ்ட் 15, வெள்ளி, காலை 10.10

களிமண் யோசனை பிடித்துப்போய்ப் பிள்ளையார் கண்ணுக்குக் குன்றிமணி ஒரு பாக்கெட் வாங்கி வைத்துவிட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அதைப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். குன்றிமணிக்குள் அப்ரின் என்ற விஷம் இருக்கிறது. முழுசாக விழுங்கினால் ஓடு கெட்டி என்பதால் தப்பிக்கலாம், கடித்து மென்றால் உயிருக்கே ஆபத்து. சிவப்பும் கறுப்புமாக மிட்டாய் போலவே இருக்கும். கண்ணுக்கு மிளகு வையுங்கள், சின்னப் பிள்ளைகளுக்கு நீங்களே வைத்துக் கொடுங்கள்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு, மாலை 6.20

ரிட்டர்ன் கிஃப்ட். அந்த மண் பொம்மையே கிஃப்ட்தான், தட்டோடு கொடுத்து அனுப்புங்கள். கையில் எதுவும் கொடுக்காமல் அனுப்பச் சங்கடமாக இருந்தால் ஒரு படக்கதைப் புத்தகம். நேஷனல் புக் டிரஸ்ட், பிரதம் புக்ஸ், சென்னை தூலிகா, எல்லோரிடமும் தமிழில் இருக்கிறது, பிளாஸ்டிக் பென்சில் பாக்ஸ் விலைக்குள்ளேயே நிறையக் கிடைக்கும். எல்லோருக்கும் ஒரே புத்தகம் வேண்டாம், வேறு வேறாக வாங்கினால் மாற்றி மாற்றிப் படிப்பார்கள்.

வந்த பரிசுகளைப் பிள்ளைகள் எதிரில் பிரிக்க வேண்டாம். ஒருத்தி வெறும் கையோடு வந்திருப்பாள்.

போட்டோவும் அப்படித்தான். மற்றவர் பிள்ளைகள் இருக்கும் படத்தை ஸ்டேட்டஸில் போடுவதற்கு முன் கேட்டுவிடுங்கள்.

ஆகஸ்ட் 20, புதன், இரவு 8.45

மொட்டை மாடியில் வைத்தால் இடம் தாராளமாக இருக்குமே என்று உங்கள் வீட்டுக்காரர் சொல்கிறாராம். ஆகஸ்ட் மாலையில் சென்னையில் எப்போது இடி மழை வரும் என்று சொல்ல முடியாது. அதைவிடக் கைப்பிடிச் சுவர்தான் என் கவலை, பலூன் பறந்தால் பிள்ளைகள் எட்டிப் பார்க்கும். வேண்டாம்.

பொருள்களைப் பெட்ரூமில் அடுக்குங்கள் என்று முதல் நாள் சொன்னேன், பால்கனியில் அடுக்கிவிடாதீர்கள். நாற்காலியும் டீப்பாயும் கம்பி ஓரமாக இருந்தால் ஏறி நிற்பார்கள். பால்கனிக் கதவை உள்பக்கம் மேலே தாழ் போடுங்கள். பாத்ரூமில் பக்கெட்டைக் கவிழ்த்து வையுங்கள், இரண்டு வயதுக் குழந்தை மூழ்குவதற்கு அரை பக்கெட் தண்ணீர் போதும். கீழே பார்க்கிங்கில் விளையாடுவதாக இருந்தால் சம்ப் மூடி ஆடுகிறதா என்று இப்போதே போய் மிதித்துப் பாருங்கள், ஆடினால் அசோசியேஷனில் சொல்லிச் சரிசெய்யுங்கள், அது வரைக்கும் பார்க்கிங் கிடையாது.

ஆகஸ்ட் 23, சனி, இரவு 9.00

தீப்பெட்டி, கேக் கத்தி, துடைக்கும் துணி, கை கழுவும் இடத்தில் பழைய துண்டு இரண்டு. களிமண் கையை வாஷ்பேசினில் கழுவினால் அடைத்துக்கொள்ளும், முதலில் பக்கெட் தண்ணீரில் அலசிவிட்டு அப்புறம் வாஷ்பேசின், முடிந்ததும் அந்தப் பக்கெட்டைக் காலி செய்துவிடுங்கள். கீழ்வீட்டாரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டீர்களா? நாளைக்குத் தலைக்கு மேலே குதிக்கப் போகிறார்கள். கேக்கில் ஒரு துண்டும் அங்கே போகட்டும். மகளுக்குப் பருத்தித் துணியில் கவுன் போடுங்கள்.

ஆகஸ்ட் 25, திங்கள், இரவு 9.20

பதினான்கு பிள்ளைகள், ஆறே முக்காலுக்கு முடிந்தது, இட்லி பத்தவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். விளையாடிவிட்டு வந்த பசி, அடுத்த வருஷம் பிள்ளைக்கு இரண்டு கூடுதலாகக் கணக்குப் போடுங்கள். வீட்டுக்காரரே பிள்ளைகளோடு உட்கார்ந்து மண் பிசைந்தார் என்பதைப் படித்து எனக்கு ரொம்ப மகிழ்ச்சி.

அடுத்த மாதம் மகனுக்கு முதல் பிறந்தநாள், இதையே செய்யலாமா என்று கேட்டவருக்கு: இது எதுவுமே பொருந்தாது. ஒரு வயதுக் குழந்தை மாலை 5 மணிக்கு என்ன மனநிலையில் இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். அது காலையில் தூங்கி எழுந்து பால் குடித்த பிறகு, 10 மணி வாக்கில், பத்துப் பேரோடு முடித்துவிடுங்கள். பலூன் ஒன்றுகூட வேண்டாம். களிமண்ணும் கிடையாது, வாயில்தான் போடும்.